கடல் பார்க்கப் போன கீரிகள்

கருவேலங்காட்டு ஏரிக்கரையில் ஒரு கீரி வாழ்ந்து வந்தது. அதன் பெயர் பொன்னுரங்கம். மரியாதை தெரிந்த கீரி. எவ்வளவு மரியாதை என்றால், பாம்பின் கழுத்தைக் கவ்வுவதற்கு முன்னால் கூட, "கொஞ்சம் இப்படித் திரும்புறீங்களா?" என்று கேட்கும். அப்படித் திரும்பாமல் தப்பித்துப் போன பாம்புகள் அந்த ஏரியில் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கின்றன.

அதன் மனைவி செவ்வந்தி. பாம்பு பிடித்துக் குடும்பத்தை ஓட்டியது உண்மையில் அதுதான். ஒரு நாகத்தோடு நடந்த சண்டையில் செவ்வந்தியின் வலது கண் போய்விட்டது. இப்போது இடது கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. எதிர்க்கரைப் பனைமரம் போன வருஷம் பனைமரமாகத் தெரிந்தது. இந்த வருஷம் யாரோ நிற்பதுபோல் தெரிந்தது.

செவ்வந்திக்கு ஒரே ஓர் ஆசை. கடலைப் பார்க்க வேண்டும்!

ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு நாரை. "கடல்னா என்னன்னு நினைச்சீங்க? அதுக்கு அக்கரையே கிடையாது! பார்த்துக்கிட்டே இருக்கலாம், முடியவே முடியாது!" என்று ஒரு நாள் ஏரி நடுவே நின்றுகொண்டு சொன்னது.

ஆமை சிரித்தது. தவளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "அக்கரை இல்லாட்டி தண்ணியெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிப் போயிடாதா?" என்று கேட்டன. செவ்வந்தி மட்டும் சிரிக்கவில்லை. அன்று முதல் அதற்கு அதே நினைப்பு.

"என்னங்க! இந்தக் கண்ணும் அணைஞ்சு போறதுக்குள்ள அந்தத் தண்ணியை ஒரு தடவை பார்த்துடணும். அதுக்கப்புறம் இருட்டாவே இருந்தாலும் பரவாயில்லை" என்றது.

"அதுக்கென்ன, பார்த்துட்டாப் போச்சு!" என்றது பொன்னுரங்கம். இதைத்தான் பல பொங்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரை வயல்களிலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, பொங்கல் முடிந்த கையோடு, ஒரு வைக்கோல் லாரி சென்னைக்குப் போகும். விடியலில் கிளம்பித் திருவல்லிக்கேணியில் ஒரு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலை இறக்கும். பொழுது சாயும்போது திரும்பிவிடும். அதை விட்டால் அடுத்த அறுவடைக்குத்தான்.

"கொட்டாயிலேருந்து கடல் ரெண்டு தெருதான்! காலையில இறங்கி நேரா நடந்தா, சாயங்காலம் வரைக்கும் ஆசை தீரப் பார்க்கலாம்!" என்றது நாரை.

எவ்வளவு எளிய விஷயம் பாருங்கள். இறங்க வேண்டும், நடக்க வேண்டும், பார்க்க வேண்டும். ஒரு கழுதையிடம் விட்டிருந்தால் கூட ஒழுங்காக முடித்திருக்கும். ஆனால் பொறுப்பை எடுத்துக்கொண்டது பொன்னுரங்கம்.

"பட்டணம் போறதே ஒரு நாள். அந்த ஒரு நாளை வீணாக்கலாமா?" என்றது அது. "பெரியப்பாவை ஒரு எட்டு பார்த்துட்டு, அப்படியே கடலையும் பார்த்துடலாம்!"

"பெரியப்பா எதுக்குங்க? நாம வந்ததே அவருக்குத் தெரியப் போறதில்லையே!"

"தெரிஞ்சு போச்சுன்னா? பட்டணம் வரைக்கும் வந்தவன் பெரியப்பாவை மறந்துட்டான்னு பேச்சு வராது?"

இந்த இடத்திலாவது செவ்வந்தி புத்தியோடு பேசியிருக்கலாம். அது என்ன சொன்னது தெரியுமா?

"அப்படின்னா எங்க அண்ணன் வீட்டுக்கும் போயாகணும். உங்க பக்கம் மட்டும் போயிட்டு எங்க பக்கம் போகலைன்னா, எங்க அண்ணி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

"அட, சம்பந்தி வீடு வேற இருக்கே! நம்ம மருமகளைப் பெத்தவங்க! அங்க போகலைன்னா மருமக முகத்துல எப்படி முழிக்கிறது? நல்லவேளை, அவங்க வீடு கடற்கரைச் சாலையிலேயே இருக்கு. கடைசியா அங்க போவோம். அப்படியே கடல்!"

'ஒரு எட்டு', 'அப்படியே' என்ற இரண்டு சொற்களை நம்பிக் கெட்டவர்கள் இந்த உலகத்தில் ஏராளம். அந்தக் கூட்டத்தில் இரண்டு கீரிகளும் சேர்ந்துகொண்டன.

வெறுங்கையோடு போகலாமா? போகக் கூடாதாம். செவ்வந்தி மங்கிய கண்ணோடு சேற்றில் இறங்கித் தண்ணீர்ப் பாம்புகளைப் பிடித்து, வெயிலில் உலர்த்தி, வீட்டுக்கு ஒன்றாக மூட்டை கட்டியது. கட்டும்போது முடிச்சு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கடினமான வேலையைப் பொன்னுரங்கம் செய்தது.

காணும் பொங்கலுக்கு மறுநாள் லாரி கிளம்பியது. இரண்டும் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டு போய், நல்ல காலை வெளிச்சத்தில் திருவல்லிக்கேணியில் குதித்தன.

குதித்ததும் செவ்வந்தி அப்படியே நின்றுவிட்டது. ஈரமான உப்புக் காற்று முகத்தில் அடித்தது. தெருக்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்தது. எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. செவ்வந்தியின் உடம்பு முழுக்க முடி சிலிர்த்தது.

"என்னங்க! கேக்குதா? அதுதாங்க! அதுதான்!"

"அது எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல பெரியவங்க!" என்றது பொன்னுரங்கம்.

கடல் பார்க்க வந்த இரண்டு கீரிகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூட்டைகளை இழுத்துக்கொண்டு, எதிர்த்திசையில் நடந்தன.

கூவம் கரை வழியாகப் போயின. பொன்னுரங்கம் நின்று மார்பை நிமிர்த்தியது. "பார்த்தியா, பட்டணத்து ஆறு! நம்ம ஊர்ல இது உண்டா?"

செவ்வந்தி மூக்கைச் சுருக்கியது. "எனக்குக் கண்ணுக்குப் பதிலா மூக்கு போயிருக்கலாங்க" என்றது.

பெரியப்பா நமசிவாயம் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டின் பின்புறம், உடைந்த ஐஸ் பெட்டிகளுக்கு அடியில் குடியிருந்தது. இவை போன நேரத்தில் அந்த வீடே வாசலில் வரிசையாக நின்றது. எல்லாருக்கும் முடி பளபளவென்று நக்கிச் சீவப்பட்டிருந்தது. பெரியம்மா வாயில் ஒரு காலிப் பையைக் கவ்விக்கொண்டிருந்தது.

விருந்தாளிகளைப் பார்த்ததும் அத்தனை முகங்களும் ஒரு கணம் தொங்கிப் போயின. அடுத்த கணம் அத்தனையும் சிரித்தன.

"அடடே, பொன்னுரங்கமா! வா வா வா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"எங்கயோ கிளம்பிட்டிருந்தீங்க போலிருக்கே, பெரியப்பா?"

"நாங்களா? சேச்சே! சும்மா காத்தாட நின்னோம்!"

பெரியம்மா பையை மெதுவாகக் காலுக்கடியில் தள்ளியது.

"அப்ப நாங்க ஒரு எட்டு பார்த்துட்டுக் கிளம்புறோம், பெரியப்பா."

"அதெப்படி? சாப்பிடாமப் போனா எனக்குக் கெட்ட கோபம் வரும்!" என்று பெரியப்பா உறுமியது. உறுமிக்கொண்டே ஓரக்கண்ணால் வெயில் எங்கே ஏறியிருக்கிறது என்று பார்த்தது.

"எவ்வளவு பாசம் பார்த்தியா!" என்று பொன்னுரங்கம் மனைவியின் காதில் சொன்னது.

வீட்டில் ஒன்றும் சமைத்திருக்கவில்லை. ஏன் சமைக்கவில்லை என்று எந்தப் புத்திசாலியும் கேட்டிருக்கும். பொன்னுரங்கம் கேட்கவில்லை. பெரியம்மா மார்க்கெட்டுக்குள் ஓடி, நாய்களோடு சண்டை போட்டு, வஞ்சிரம் மீன் தலைகளை இழுத்துக்கொண்டு வந்தது. அதுவரை பெரியப்பா தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னது. அது முடிந்ததும் முதுகு வலியை எடுத்தது. பொன்னுரங்கம் இரண்டுக்கும் சமமாக உச்சுக் கொட்டியது.

"இன்னொரு தலை வச்சுக்கோ."

"ஐயோ, போதும் பெரியம்மா!"

"வச்சுக்கோன்னா வச்சுக்கணும்!"

வேண்டாம் என்று சொல்வது மரியாதை. சொன்னவர் இலையில் வலுக்கட்டாயமாகப் போடுவது அதைவிடப் பெரிய மரியாதை. போட்டதை மிச்சம் வைக்காமல் தின்பது எல்லாவற்றையும்விடப் பெரிய மரியாதை. மீன் தலைகள் தீர்ந்தபோது வெயில் ஐஸ் பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போயிருந்தது.

ஒருவழியாகப் பொன்னுரங்கம் எழுந்தது. "அப்ப வர்றோம், பெரியப்பா!"

"அதுக்குள்ளவா? இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறது!" என்றது பெரியப்பா. எல்லாரும் வழியனுப்பும்போது சொல்வதுதான். அதைக் கேட்டு யாரும் உட்கார மாட்டார்கள்.

பொன்னுரங்கம் உட்கார்ந்துவிட்டது. "பெரியவங்க வார்த்தையை எப்படித் தட்டுறது!"

தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல் பெரியப்பாவின் முகம் மாறியது. வேறு வழியில்லாமல் மறுபடி முழங்காலிலிருந்து ஆரம்பித்தது.

கிளம்பும்போது பெரியம்மா ஒரு கருவாட்டு மூட்டையைத் திணித்தது. கொண்டுபோன மூட்டையைவிட அது பெரியது. இரண்டு கீரிகளும் முனகிக்கொண்டே அதை இழுத்துக்கொண்டு எழும்பூருக்கு நடந்தன.

செவ்வந்தியின் அண்ணன் குப்புராஜ் ரயில் பெட்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னால், பழைய தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே வசித்தது. அங்கேயும் வாசலில் கூட்டம். அங்கேயும் முடி சீவியிருந்தது. அங்கேயும் காலிப் பை. செவ்வந்திக்கு லேசாக ஏதோ உறுத்தியது. அதற்குள் அண்ணி ராஜாத்தி முன்னால் வந்து முகர்ந்து பார்த்தது.

"மீன் வாசம் வருதே! பெரியப்பா வீட்டுல ஆற அமரச் சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் எங்க நினைப்பு வந்துச்சாக்கும்?"

"அப்படியெல்லாம் இல்லை அண்ணி..."

"இருக்கட்டும், இருக்கட்டும். நாங்கல்லாம் ரெண்டாம்பட்சந்தானே!"

இதற்கு ஒரே பரிகாரம்தான் உண்டு. அங்கே சாப்பிட்டதைவிட இங்கே அதிகமாகச் சாப்பிட வேண்டும். ரயிலில் வீசியெறிந்த பொட்டலங்களைக் குப்புராஜ் பிரித்து வைத்தது. பிரியாணிச் சோறு, அவித்த முட்டை, எலும்பு. பொன்னுரங்கத்தின் வயிறு உருண்டையாகித் தரையைத் தொட்டது.

செவ்வந்தி வெளியே எட்டிப் பார்த்தது. கட்டைகளின் நிழல் நீண்டுகொண்டிருந்தது. இனியும் பொறுத்தால் நாள் போய்விடும். சொல்லிவிட வேண்டியதுதான் என்று துணிந்தது.

"அண்ணா! நாங்க கடல்..."

"கடலா?" அண்ணியின் காதுகள் இரண்டும் விறைத்து நின்றன. "கடல் பத்தி உங்கிட்ட யார் என்ன சொன்னாங்க?"

அந்தக் குரலில் இருந்த வேகத்தைக் கண்டு செவ்வந்தி நடுங்கிப் போயிற்று. தங்களைப் பார்க்க வரவில்லை, கடல் பார்க்கத்தான் வந்தார்கள் என்று அண்ணி கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும்?

"அது வந்து... அண்ணி மனசு கடல் மாதிரின்னு சொல்ல வந்தேன்!"

இப்படிச் சொன்னதற்காக எனக்குச் செவ்வந்தி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாய்வரை வந்ததை இப்படியா விழுங்குவது! அண்ணியோ அந்தப் புகழ்ச்சிக்கு இன்னொரு முட்டையை வைத்தது.

"சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுத்தான் போகணும்!" என்றது குப்புராஜ். சொல்லிவிட்டுத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டது.

"எங்களுக்கென்ன அவசரம்? இருக்கோம்!" என்றது பொன்னுரங்கம்.

அண்ணி ராஜாத்தி பல்வலிக்காரியைப் போல் சிரித்தது. செவ்வந்தி கணவனின் வாலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்தது. அவித்த முட்டை மூட்டை ஒன்றும் கூடவே வந்தது.

மறுபடி திருவல்லிக்கேணிக்கு நடை. வயிறு நிறைந்த கீரியால் எவ்வளவு வேகமாக நடக்க முடியும்? பொன்னுரங்கம் மரத்துக்கு மரம் உட்கார்ந்தது. கருவாட்டையும் முட்டையையும் செவ்வந்தியே இழுத்தது. "இதையெல்லாம் போட்டுட்டு ஓடலாங்க!" என்று கெஞ்சியது.

"பாசமாக் கொடுத்ததைப் போடலாமா? கேள்விப்பட்டா என்ன நினைப்பாங்க?"

கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு பழைய கட்டடம். அதன் மதில் சுவருக்கு அடியில் சம்பந்தி வேதாசலத்தின் வளை. வளைக்குள் நுழையும்போதே அந்த இரைச்சல் செவ்வந்தியின் காதை நிறைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம்தான்! ஒரு சுவரும் ஒரு சாலையும்தான் நடுவில்!

"வாங்க சம்பந்தி! வாங்க சம்பந்தியம்மா! கடைசியிலயாவது எங்க ஞாபகம் வந்துச்சே!" என்று வேதாசலம் கைகூப்பியது. அதன் மனைவி அலமேலு, கையிலிருந்த பையைச் சுவரிடுக்கில் சொருகியது.

"உட்கார நேரமில்லை, சம்பந்தி..."

"சம்பந்தி வீட்டுல கை நனைக்காமப் போறதா? எங்க மானம் என்ன ஆகும்!"

மானத்தைக் காப்பாற்ற நண்டுகள் வந்தன. பொன்னுரங்கம் கண்ணை மூடிக்கொண்டு, விஷம் குடிக்கிறவனைப் போல் ஒவ்வொன்றாக விழுங்கியது. வேதாசலம் கண்ணை மூடாமல், வெளியே சாயும் வெயிலைப் பார்த்துக்கொண்டே பரிமாறியது.

செவ்வந்தியின் முன்னாலும் ஒரு நண்டு வைக்கப்பட்டது. அலை ஒன்று எழுந்து விழுந்தது. மங்கிய கண்ணில் நண்டு சிவப்பாகக் கலங்கியது. அதற்குமேல் செவ்வந்தியால் முடியவில்லை.

"எனக்கு நண்டு வேண்டாம்!" என்று கத்திவிட்டது. "நான் நண்டு தின்ன வரலை! பெரியப்பாவைப் பார்க்க வரலை! அண்ணனைப் பார்க்க வரலை! மன்னிச்சுக்கணும், உங்களைப் பார்க்கவும் வரலை! கடலைப் பார்க்க வந்தேன்! எனக்குக் கண்ணு போகப்போகுது! ஒரே ஒரு தடவை கடலைப் பார்க்கணும்னு வந்தேன்!"

பொன்னுரங்கம் பூமி பிளக்காதா என்று தரையைப் பார்த்தது.

வேதாசலம் கையிலிருந்த நண்டை மெதுவாகக் கீழே வைத்தது.

"கடலுக்கா போகணும்?"

"ஆமா!"

"அட பாவிகளா! நாங்களும் விடிஞ்சதுலேருந்து அங்க போறதுக்குத்தானே கிளம்பி நிக்கிறோம்!"

விஷயம் இதுதான். முந்தின நாள் காணும் பொங்கல். ஊரே கடற்கரையில் கூடித் தின்று தீர்த்திருந்தது. பொரித்த மீனும் முட்டையும் கறிச்சோறுமாக மணல் முழுக்க இறைந்து கிடந்தது. பட்டணத்துக் கீரிகளுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் விருந்து. குப்பை லாரிகள் வந்து அள்ளி முடிக்கும் வரைதான் அதுவும். மூன்று குடும்பங்களும் காலையிலேயே அங்கே கூடுவதாகப் பேசி வைத்திருந்தன.

"பெரியப்பாதான் ஆள் மேல ஆள் அனுப்பிச்சாரு!" என்று அலமேலு அழாக்குறையாகச் சொன்னது. "'ஊர்லேருந்து வந்திருக்காங்க, உங்க வீட்டுக்கும் வருவாங்க, யாரும் வெளிய போயிடாதீங்க, அசிங்கமாப் போயிடும்'னு! பச்சைத் தண்ணி குடிக்காம உட்கார்ந்திருக்கோம்!"

"அதைச் சொல்லக் கூடாதா?"

"வீடு தேடி வந்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீங்க சொல்லக் கூடாதா?"

"வீட்டுக்கு வந்துட்டு எப்படிச் சொல்றது?"

அடுத்த கணம் நான்கும் வளையை விட்டு வெளியே பாய்ந்தன.

அப்போதுதான் லாரி ஹாரன் அடித்தது. வைக்கோல் லாரி, மாட்டுக்கொட்டகைக்கு வெளியே. விட்டால் அடுத்த வருஷம்தான்.

செவ்வந்தி மதில் சுவர் மேல் தாவி ஏறியது. எதிரே சாலை. சாலை முழுக்க வண்டிகள். அதற்கு அப்பால் கடைகள். அதற்கு அப்பால் மணல். கருவேலங்காட்டு ஏரியையே தூக்கி வைக்கலாம், அவ்வளவு அகலமான மணல்! எல்லாவற்றுக்கும் அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

"அது கடலா, வானமா? யாராவது சொல்லுங்களேன்! அது கடலா?"

வேதாசலமும் அலமேலுவும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தன. மணல் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. கடைசிக் குப்பை லாரி, வருஷத்து விருந்தை ஏற்றிக்கொண்டு, சாலையில் ஏறிக்கொண்டிருந்தது.

"செவ்வந்தி! லாரி! லாரி!" என்று பொன்னுரங்கம் கீழேயிருந்து அலறியது.

செவ்வந்தி இறங்கியது.

திரும்பும் வழியில், காலி லாரியின் மூலையில், கருவாட்டுக்கும் முட்டைக்கும் நடுவே பொன்னுரங்கம் மல்லாந்து படுத்தது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. "எப்படியோ ஒருத்தரையும் விடாமப் பார்த்தாச்சு! கிடைச்ச ஒரு நாளை எவ்வளவு நல்லாப் பயன்படுத்திக்கிட்டோம், பார்த்தியா?"

செவ்வந்தி அழுதுகொண்டிருந்தது. பாவம், இருக்கும் ஒரு கண்ணால்தான் அழ வேண்டியிருந்தது.

சில நாள் கழித்துப் பட்டணத்திலிருந்து ஒரு காகம் செய்தி கொண்டு வந்தது. இத்தனை பாடுபட்டதற்கு ஊர் என்ன சொல்கிறது என்று கேட்கப் பொன்னுரங்கம் ஆவலோடு ஓடியது.

"பெரியப்பா சொல்றாரு, வெந்நீரைக் கால்ல கொட்டிக்கிட்ட மாதிரி வந்தீங்க, போனீங்களாம்" என்றது காகம். "அண்ணி சொல்றாங்க, கடைசி முட்டையைப் பாதியில வச்சுட்டுப் போயிட்டீங்களாம். சம்பந்தியம்மா சொல்றாங்க, வச்ச நண்டை வேண்டாம்னு கத்தினதை அவங்க பரம்பரையில யாரும் கேட்டதில்லையாம்."

பொன்னுரங்கத்தின் மீசை தொங்கியது.

"ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? நீங்க வந்ததுக்கு அவங்க திரும்ப வந்தாகணுமாம். அடுத்த காணும் பொங்கலுக்கு மறுநாள் மூணு குடும்பமும் இங்க வர்றாங்க. லாரி போற நாள்தானே, அதே லாரி ஊருக்குத் திரும்புறப்ப ஏறிடுவாங்களாம். காலையிலேருந்தே கொட்டாயில காத்திருக்கப் போறாங்களாம்."

பொன்னுரங்கத்துக்குத் தலை சுற்றியது. மூன்று குடும்பம்! அடுத்த அறுவடை லாரி வரும் வரை, வருஷம் முழுக்க இங்கேயே! ஆனால் அதன் வாய் அதன் பேச்சைக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. "ஆகா! கட்டாயம் வரச் சொல்லு! வந்தா உடனே விட மாட்டோம்னு சொல்லு!" என்றது.

"நில்லு" என்று ஒரு குரல் கேட்டது. செவ்வந்தி வளையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்தது. "வர வேண்டாம்னு சொல்லு."

"செவ்வந்தி! என்ன பேச்சு இது? அசிங்கம்!"

"அசிங்கமாவே இருக்கட்டும். காக்கா, நீ கேட்டுக்கோ. அன்னிக்கு யாரும் இங்க வர வேண்டாம். எல்லாரும் கடற்கரைக்குப் போய் நல்லாச் சாப்பிடட்டும். நானும் அன்னிக்கு லாரியில அங்க வருவேன். யார் வீட்டுக்கும் வர மாட்டேன், நேரா மணலுக்குத்தான் வருவேன். கண்ணு இருந்தா நானே பார்த்துக்கிறேன். இல்லாமப் போயிட்டா, யாராவது ஒருத்தர் பக்கத்துல நின்னு, கடல் எப்படி இருக்குன்னு எனக்குச் சொன்னாப் போதும்."

காகம் தலையைச் சாய்த்தது. "இதை அப்படியேவா சொல்றது? கொஞ்சம் பதமா மாத்தி..."

"அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாதே!"

காகம் அப்படியே சொன்னது. கேட்டதும் பெரியப்பா நமசிவாயம், "என்ன திமிர்!" என்றது. அடுத்த நிமிஷமே, கடற்கரை விருந்து கைவிட்டுப் போகாத சந்தோஷத்தில், வலிக்கும் முழங்காலை மறந்து ஐஸ் பெட்டி மேல் ஏறிக் குதித்தது. அண்ணி ராஜாத்தி தன் காலிப் பையை எடுத்து உதறியது. "நான் பக்கத்துல நின்னு சொல்றேன். நண்டு தின்னச் சொல்ல மாட்டேன்னும் சொல்லிடு" என்று சம்பந்தியம்மாள் அலமேலு பதில் அனுப்பியது.

செவ்வந்தியின் கண் அந்த நாள் வரை தாங்கியதா என்பது எனக்குத் தெரியாது.

மனதில் இருப்பதை வாய்திறந்து சொல்லாமல் மரியாதைக்குத் தலையாட்டுகிறவர்கள், தங்களுக்குக் கிடைத்த நாளையும் கெடுத்து, எதிரே இருப்பவரின் நாளையும் சேர்த்துக் கெடுப்பார்கள்.